லோடு இல்ல மாப்ள

ரொம்ப நாளாக எழுத நினைத்துத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்த விஷயம் இது. சோம்பல் ஒரு காரணம். கொஞ்சம் வெட்கமும்தான். டிசம்பர் விடுமுறைக்கு டிக்கெட் போட்டாகிவிட்டது, வீட்டில் பெட்டியை எடை பார்க்கிற சண்டையும் ஆரம்பித்துவிட்டது. இப்போது எழுதினால் ஊருக்குக் கிளம்புகிற நாலு பேராவது படிப்பார்கள் என்று உட்கார்ந்துவிட்டேன்.

எங்கள் ஊர் போடி. போடிக்காரர்களில் பாதிப் பேருக்கு மலைமேல் ஏதாவது ஒரு ஒட்டுறவு இருக்கும். சொந்தத் தோட்டம், குத்தகைத் தோட்டம், மாமனார் தோட்டம், எதுவுமே இல்லையென்றால் ஏலக்காய் யாவாரம். விடிகாலையில் ஆட்களை அடைத்துக்கொண்டு போடிமெட்டு ஏறுகிற ஜீப்புகளைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள். மெட்டைத் தாண்டினால் இடுக்கி மாவட்டம். பூப்பாறை, சாந்தன்பாறை, உடும்பன்சோலை. கடைப் பலகை மலையாளத்தில் இருக்கும், உள்ளே டீ குடிக்கிறவர்கள் தமிழில் பேசிக்கொண்டிருப்பார்கள்.

என் பள்ளிக்கூட நண்பன் ஒருவனுக்கு அந்தப் பக்கம் கொஞ்சம் ஏலத்தோட்டம். பெயர், இடம் வேண்டாம். சில வருடங்களுக்கு முன் ஒரு டிசம்பரில் குடும்பத்தோடு போயிருந்தோம். எங்களுக்கு இரண்டு பிள்ளைகள், அவனுக்கும் இரண்டு. ராத்திரி நல்ல குளிர். வீட்டை ஒட்டியே ஸ்டோர் இருந்தது. ஏலக்காய் காயவைக்கிற கட்டடத்துக்கு அங்கே அதுதான் பெயர். திண்ணையில் அவனோடு சேர்த்து நாங்கள் நாலு பேர். நடுவில் நான் டூட்டி ஃப்ரீயில் வாங்கிக்கொண்டு போன ஒரு லிட்டர் பாட்டில்.

பாட்டில் முக்கால்வாசி இறங்கியபோது பேச்சு காட்டுப்பன்றிக்கு வந்தது. மரவள்ளியைத் தோண்டுகிறது, ஏலத் தட்டையை உழுதுவிட்டுப் போகிறது என்று புலம்பிக்கொண்டிருந்தவன் திடீரென்று எழுந்தான். "அமெரிக்காக்காரனுக்கு ஒண்ணு காட்டுறேன் இரு" என்று உள்ளே போய், பரணில் சாக்கு சுற்றி வைத்திருந்த நாட்டுத் துப்பாக்கியோடு வந்தான். லைசென்ஸ் பற்றி யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சிரித்திருப்பான்.

தோளில் வைத்துக் குறி பார்த்தான். இருட்டைப் பார்த்துக் காட்டினான், பிறகு கூரையைப் பார்த்து, பிறகு எங்களைப் பார்த்து. "லோடு இல்ல மாப்ள, ஏன்டா பயப்படுற?" என்றான். நான் என்ன செய்தேன் தெரியுமா? செல்போனை எடுத்து வீடியோ பிடித்தேன். சிரித்துக்கொண்டே வேறு.

அடுத்த நிமிடம் கால்மிதியடி தடுக்கி அவன் தள்ளாடினான். குழல் எங்கள் மூன்று பேர் மேலும் ஒரு அரைவட்டம் போய் சன்னல் பக்கம் நின்றது. சன்னலுக்கு அந்தப் புறம் நாலு பிள்ளைகளும் கேரம் ஆடிக்கொண்டிருந்தார்கள்.

அவன் மனைவி வாசல் வரை வந்தார், பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. உள்ளே போய், தோசை சுட்டாச்சு வாங்க என்று பிள்ளைகளைக் கிளப்பிப் பின்கட்டு அடுப்படிக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். "யாராச்சும் வெளியூர்லருந்து வந்தா இதான்க்கா நடக்கும்" என்று என் மனைவியிடம் சொன்னாராம். அதை என் மனைவி என்னிடம் சொன்னது விமானத்தில் ஏறிய பிறகு.

துப்பாக்கியைக் கீழே வைக்கச் செய்தது நாங்கள் மூன்று படித்த முண்டங்களும் இல்லை. தோட்டத்துக் கங்காணி. அறுபது வயசுக்கு மேல் இருக்கும். பக்கவாட்டில் மெதுவாக வந்து நின்று, "மொதலாளி, ஸ்டோர்ல சூடு ஏறிக் கெடக்கு, காய் கருகிரும் போலருக்கு, ஒரு எட்டு வந்து பாருங்க" என்றார். அந்த வருடம் ஏலக்காய் என்ன விலை! துப்பாக்கியைச் சுவரில் சாத்திவிட்டு ஓடினான். ஸ்டோரில் ஒரு சூடும் ஏறவில்லை. அவன் அந்தப் பக்கம் போனதும் பெரியவர் துப்பாக்கியை எடுத்துக்கொண்டு இருட்டுக்குள் போய்விட்டார்.

காலையில் பல் விளக்கிக்கொண்டிருந்தோம். பெரியவர் எல்லோரையும் தனக்குப் பின்னால் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, மண்மேட்டைப் பார்த்துக் குதிரையைத் தட்டினார். வெடித்த சத்தம் எதிர்மலையில் அடித்துத் திரும்பி வந்தது. லோடு இல்லாத துப்பாக்கி.

இட்லி சாப்பிட்டு முடிக்கிற வரை யாரும் பேசவில்லை.

அவன் பொய் சொன்னான் என்று நான் இப்போதும் நினைக்கவில்லை. அவனுக்கே தெரியாது. நாட்டுத் துப்பாக்கியில் பெரும்பாலும் தோட்டா போடுகிற அறை கிடையாது. வாய் வழியாக மருந்தைக் கொட்டி, சகிரியோ துணியோ வைத்து இடித்து, ஈயக் குண்டைப் போட்டு, மேலே இன்னொரு அடைப்பு. வெளியிலிருந்து பார்த்தால் நிரம்பியதும் காலியானதும் ஒன்றுபோலத்தான் இருக்கும். தோட்டாவைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு இனி பயமில்லை என்று சொல்கிற வசதி அதில் இல்லை. போன மாதம் பன்றிக்கு இடித்து வைத்தது, பன்றி வரவில்லை, அப்படியே சாக்கில் சுற்றிப் பரணில் ஏற்றியாகிவிட்டது. இதெல்லாம் கருமானுக்கும் கங்காணிக்கும் தெரியும். டூட்டி ஃப்ரீ விஸ்கிக்குத் தெரியாது.

போதை முதலில் எடுத்துக்கொண்டு போவது கைநடுக்கத்தையோ பேச்சையோ அல்ல. 'இது வேண்டாமே' என்று உள்ளே ஒரு குரல் சொல்லுமே, அதைத்தான். நாக்கு குழறுவதெல்லாம் பிறகு. அதனால் நேராக நிற்கிறான், தெளிவாகப் பேசுகிறான், ஒன்றும் இல்லை என்று நாமும் நினைத்துக்கொள்கிறோம். இதோடு விரல் விஷயம் ஒன்று உண்டு. ஒருவனுடைய விரல் விசையில் இருக்கும்போது அவன் தடுக்கி விழப்போனாலோ, திடுக்கிட்டாலோ, இன்னொரு கையால் எதையாவது இறுகப் பிடித்தாலோ, அந்த விரல் தன்னால் சுருங்கும். அவன் சுட நினைக்கவே வேண்டாம். அதனால்தான் போலீஸ்காரர்களுக்கே விரலை விசைக்கு வெளியே நீட்டி வைக்கச் சொல்லிப் பயிற்சி கொடுக்கிறார்கள். நாம் பாய்ந்து பிடுங்கினால், பின்னாலிருந்து "டேய்!" என்று கத்தினால், நடப்பது இந்தச் சுருங்கல்தான். கங்காணி பக்கவாட்டில் வந்து மெதுவாகப் பேசியதற்கு எந்தப் புத்தகமும் காரணமில்லை. ஆனால் அதைவிடச் சரியாகச் செய்திருக்க முடியாது.

ஏதோ ஒரு ராத்திரி, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை, இதைப் போய் பெரிசாக எழுதுகிறானே என்று தோன்றினால், அதே மலையில் நடந்ததைப் பாருங்கள்.

2022 ஜூன் கடைசியில், மூணாறு பக்கத்தில் போதமேடு காட்டுக்கு ஒரு சின்னக் கூட்டம் வேட்டைக்குப் போனது. பைசன்வாலி பக்கத்து ஆதிவாசி இளைஞர் ஒருவர், இருபதுகளின் நடுவில் வயது, கூட வந்தவரின் துப்பாக்கிக் குண்டு பட்டு இறந்தார். மிருகம் என்று நினைத்துச் சுட்டதாகச் சொன்னார்கள். கூட இருந்தவர்கள் அவரைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடவில்லை. காட்டிலேயே குழி தோண்டிப் புதைத்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டார்கள். பையனைக் காணோம் என்று வீட்டார் தேடி, போலீசுக்குப் போய், ஜூலையில்தான் உடலைத் தோண்டி எடுத்தார்கள். தெரியாத ஆட்கள் யாரும் இல்லை, சேர்ந்து காட்டுக்குப் போகிற அளவுக்குப் பழகியவர்கள்.

இந்தச் செய்தியைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. சுட்டவரைப் பற்றி யோசிக்கவில்லை. பக்கத்தில் நின்றவர்களைப் பற்றித்தான் யோசித்தேன். அந்த இருட்டில் அவர்கள் என்ன பேசியிருப்பார்கள்? "லைசென்ஸ் இல்லாத துப்பாக்கி, போலீஸ் கேஸாகிவிடும்" என்று ஒருவர் ஆரம்பித்திருக்கலாம். எங்கள் திண்ணையில் வெடித்திருந்தால் நாங்கள் என்ன பேசியிருப்போம்? பத்து நாளில் எனக்கு ஃப்ளைட்.

அதே 2022-ல், மார்ச் மாதம், இடுக்கி மாவட்டம் மூலமற்றத்தில் தட்டுக்கடை ஒன்றில் சாப்பாட்டைப் பற்றி ஒரு தகராறு. தகராறு செய்தவர் வீட்டுக்குப் போய்த் துப்பாக்கியோடு திரும்பி வந்தார். செத்தது தகராறில் சம்பந்தமே இல்லாமல் ஸ்கூட்டரில் அந்த வழியாக வந்த ஒரு பஸ் ஊழியர். 2023 ஆகஸ்டில் நெடுங்கண்டம் பக்கத்து மாவடியில் வீட்டுக்குள் தூங்கிக்கொண்டிருந்தவர், வெளியே சுட்ட நாட்டுத் துப்பாக்கிக் குண்டில் இறந்தார். கதவையும் சன்னலையும் பெரிய காப்பு என்று நாம்தான் நினைத்துக்கொள்கிறோம்.

கோயம்புத்தூர், பொள்ளாச்சிப் பக்கத்து நண்பர்கள் இது இடுக்கிக் கதை என்று நகர்ந்துவிட வேண்டாம். உங்களுக்கு வாளையாருக்கு அந்தப் பக்கம் பாலக்காடு இருக்கிறது. 2025 அக்டோபரில் பாலக்காட்டுக் கல்லடிக்கோடு அருகே நாட்டுத் துப்பாக்கிக்கு ஒரே நாளில் இரண்டு பேர் பலி. ஆனைகட்டி தாண்டினால் அட்டப்பாடி, மதுவிலக்குப் பகுதி. 'அய்யப்பனும் கோஷியும்' படத்தின் மொத்தச் சண்டையும் அந்தச் செக்போஸ்டில் பிடிபட்ட பாட்டில்களில்தான் ஆரம்பிக்கும். பாட்டில் பிடிபட்டால் படம் எடுக்கிற அளவுக்குக் கௌரவப் பிரச்சினை ஆகிறது, பரணில் இருக்கிற குழலைப் பற்றி ஒருவரும் மூச்சு விடுவதில்லை.

"எங்க வீட்டில் இருப்பது ஏர்கன்தான், பறவை விரட்ட" என்று சொல்கிறவர்களுக்கும் ஒன்று. 2023 ஜனவரியில், பாலக்காட்டுக்கு அடுத்த மலப்புறம் மாவட்டத்துப் பெரும்படப்பில், நண்பர் வீட்டுக்குப் போன ஒருவர் ஏர்கன் குண்டு பாய்ந்து இறந்தார். துப்பாக்கி நண்பர் கையில் இருந்தது. குறைந்த சக்தி ஏர்கன்களுக்கு நம் நாட்டில் லைசென்ஸ் தேவையில்லை என்பதால் அதைப் பொம்மைக் கணக்கில் சேர்த்துவிடுகிறோம்.

விவசாயிகளின் கஷ்டம் தெரியாமல் பேசுகிறேன் என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம். பன்றித் தொல்லை நிஜம். பயிரை அழிக்கிற பன்றியை, லைசென்ஸ் உள்ள துப்பாக்கிக்காரரை வைத்துச் சுட அனுமதி தரும் அதிகாரத்தைக் கேரள அரசு 2022 மே மாதம் உள்ளாட்சித் தலைவர்களிடமே கொடுத்தது. முறையான வழி என்று ஒன்று இருக்கிறது. லைசென்ஸ் துப்பாக்கி வைத்திருப்பவர் தேர்தல் வந்தால்கூட ஸ்டேஷனில் கொண்டுபோய் ஒப்படைத்து ரசீது வாங்கி வருகிறார். பரணில் இருப்பதற்கு ரசீதும் கிடையாது, கணக்கும் கிடையாது. 2019 திருத்தத்துக்குப் பிறகு லைசென்ஸ் இல்லாத துப்பாக்கிக்கு இரண்டு முதல் ஐந்து வருடம் வரை சிறை. அந்தப் பயம்தான், ஆள் அடிபட்ட பிறகு ஆம்புலன்ஸைக் கூப்பிட விடாமல் கையைப் பிடிக்கிறது.

இங்கே ஒரு வேடிக்கையும் சொல்ல வேண்டும். நான் இருப்பது டெக்சாஸ். என் பையனை முதன்முதலாக ஒரு வகுப்புத் தோழன் வீட்டுக்கு விளையாட அனுப்பும்போது, அந்த வீட்டம்மாவிடம் என் மனைவி கேட்ட முதல் கேள்வி: "உங்கள் வீட்டில் துப்பாக்கி இருக்கிறதா, பூட்டி வைத்திருக்கிறீர்களா?" அவரும் கோபித்துக்கொள்ளாமல் பதில் சொன்னார். இங்கே அது சாதாரணக் கேள்வி. அதே நாங்கள் போடிமெட்டு ஏறியதும் கேட்கவில்லை. வெள்ளைக்காரன் வீட்டுத் துப்பாக்கி என்றால் பயம், மாப்ள வீட்டுத் துப்பாக்கி என்றால் போட்டோ.

அதே சமயம் டெக்சாஸ்காரர்கள் எல்லாம் ஒழுங்கு என்று சொல்ல வரவில்லை. 2006 பிப்ரவரி 11, இந்த மாநிலத்தின் தெற்கே ஒரு பண்ணையில், அப்போது துணை ஜனாதிபதியாக இருந்த டிக் செனி காடை வேட்டையில் தன்னோடு வந்த 78 வயது ஹாரி விட்டிங்டனைத் தவறுதலாகச் சுட்டார். முகம், கழுத்து, மார்பு எல்லாம் சிறு குண்டுகள். மதியச் சாப்பாட்டோடு ஒரு பீர் குடித்ததாகச் செனி பிறகு ஒப்புக்கொண்டார். ஷெரீஃப் ஆட்கள் அவரை விசாரித்தது மறுநாள் காலை. எனக்கு இதில் மறக்காதது வேறு. ஆஸ்பத்திரியிலிருந்து வெளியே வந்த விட்டிங்டன், செனியும் அவர் குடும்பமும் அந்த வாரம் பட்ட கஷ்டத்துக்கு வருத்தம் தெரிவித்தார். சுடப்பட்டவர், சுட்டவருக்கு! இதயத்துக்குப் பக்கத்தில் சிறுகுண்டோடு நிற்கிற மனிதருக்கும் நட்பைச் சங்கடப்படுத்தக்கூடாது என்ற கவலை. நாடு எதுவானாலும் இந்த வியாதி ஒன்றுதான் போல.

எங்கள் திண்ணையிலும் அதேதான் நடந்தது. எனக்குப் பயமாகத்தான் இருந்தது. எழுந்து போனால் "அமெரிக்கா போய் ரொம்பத்தான் மாறிட்டான்" என்பார்கள் என்று உட்கார்ந்திருந்தேன். மூன்று வருடத்துக்கு ஒருமுறை வருகிறவன், வந்த இடத்தில் முகம் சுளிக்க வைப்பதா என்று. இன்றைக்கு யோசித்தால், அங்கே எழுந்து போகக் கடமைப்பட்ட முதல் ஆள் நான்தான். பாட்டில் என்னுடையது. துப்பாக்கி பரணிலிருந்து இறங்கியது எனக்காக. நான் வீடியோ எடுக்க எடுக்க அவன் இன்னும் கொஞ்சம் ஆட்டினான். எதிரே பார்க்க ஆள் இல்லாவிட்டால் அந்தச் சாக்கு பிரிந்தே இருக்காது. அவன் மனைவி சொன்னதன் அர்த்தமும் அதுதான். உள்ளூர்க்காரர்கள் மட்டும் இருந்தால் அவன் குடித்துவிட்டுத் தூங்கிவிடுவான்.

அதனால் கங்காணியிடம் கற்றதையும், பிறகு நானாகத் தெரிந்துகொண்டதையும் சொல்கிறேன். சாக்கு பிரிகிறபோதே போனை உள்ளே வையுங்கள், சிரிக்காதீர்கள். வேடிக்கை பார்க்க ஆள் குறைந்தால் பாதி வேகம் அடங்கிவிடும். முதலில் நகர வேண்டியது பிள்ளைகள், துப்பாக்கி அல்ல. அந்தப் பெண்மணி செய்தது அதுதான். பிடுங்காதீர்கள், சட்டம் பேசாதீர்கள், "குடிச்சிருக்கே" என்று ஆரம்பிக்காதீர்கள். குடித்தவனிடம் குடித்திருக்கிறாய் என்று சொல்லி ஜெயித்தவர் எனக்குத் தெரிந்து யாரும் இல்லை. குழலுக்கு முன்னால் நிற்காமல் பக்கவாட்டில் இருந்துகொண்டு, அவன் தானாகக் கீழே வைக்க ஒரு காரணத்தைக் கொடுங்கள். போன் வந்திருக்கு, அம்மா கூப்பிடுறாங்க, சாப்பாடு ஆறுது, ஸ்டோரில் சூடு. அவன் யாருக்குக் கட்டுப்படுவான் என்று அந்த வீட்டுக்குத் தெரியும், அவரை அழைக்கச் சொல்லுங்கள். கீழே வைத்த பிறகு அதை ஆராய்ச்சி செய்யாதீர்கள். இறக்கிப் பார்க்கிறேன் என்று தொடுவது நம் வேலை இல்லை. ஒன்றும் எடுபடவில்லை, கோபமும் ஏறுகிறது என்றால் குடும்பத்தைக் கூட்டிக்கொண்டு வெளியேறி 112-க்குப் போன் செய்யுங்கள். சாதி, சம்பந்தம், நட்பு எல்லாவற்றையும் காலையில் பேசிக்கொள்ளலாம்.

குண்டு பட்டுவிட்டால் 108. மலையில் ஆம்புலன்ஸ் வரத் தாமதமாகும் என்றால் ஜீப். சுத்தமான துணியை மடித்துக் காயத்தின் மேல் கையை எடுக்காமல் அழுத்திப் பிடித்தபடி போங்கள். குண்டை நோண்டி எடுக்காதீர்கள். போலீஸ் வந்தால்தான் தொடுவோம் என்று ஆஸ்பத்திரி சொல்ல முடியாது. உயிரைக் காப்பதுதான் முதலில், நடைமுறை பிறகு என்று உச்ச நீதிமன்றம் 1989-லேயே பரமானந்த் கட்டாரா வழக்கில் சொல்லிவிட்டது. போலீஸ் கேஸ் ஆகும், ஆகட்டும். வழக்கில் பெயர் வந்தால் நாம் நினைத்த தேதியில் விமானம் ஏற முடியாமல் போகலாம், அதுவும் உண்மை. போதமேட்டுக் குழியைத் தோண்டியவர்கள் பயந்ததும் வழக்கைத்தான். கடைசியில் வழக்கும் வந்தது.

போன வாரம் நண்பனிடம் பேசினேன். அந்த ராத்திரிக்குப் பிறகு நாங்கள் அதைப் பற்றிப் பேசியதே இல்லை. நானாக ஆரம்பித்து, "அது இன்னும் பரண்ல இருக்கா?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் சத்தமில்லை. "இருக்கு. என்ன செய்யச் சொல்ற? ஸ்டேஷன்ல கொண்டுபோய்க் குடுத்தா உள்ள தூக்கி வெச்சிருவான்" என்றான். ஒரு வக்கீலைப் பார், அவர் வழி சொல்லட்டும், செலவு என்னுடையது என்றேன். "பாப்போம்" என்றான். நம்மூர் 'பாப்போம்' எப்படிப்பட்டது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

வைக்கும் முன், வழக்கம்போலக் கேட்டான், "என்ன பிராண்டு கொண்டு வர்ற?" இந்தத் தடவை பாட்டில் இல்லை மாப்ள, அது பரணை விட்டுப் போகிற வரைக்கும் நான் மலைக்கும் வரலை, போடியிலேயே பார்த்துக்கலாம் என்று சொன்னேன். சிரித்தான். பிறகு நான் நிஜமாகத்தான் சொல்கிறேன் என்று புரிந்ததும் போனை வைத்துவிட்டான்.

ஆறு நாளாகிறது. நேற்று அவன் மனைவியிடமிருந்து என் மனைவிக்கு ஒரு மெசேஜ் வந்திருந்தது: "அண்ணன் சொன்னதை மாத்திக்க வேணாம்னு சொல்லுங்கக்கா."